நேஷ் பக்கிங்ஹாமும் காணாமற்போன துப்பாக்கியும்

காரின் கூரை மேல் கைப்பேசியை வைத்துவிட்டுப் பையைத் திறந்து எதையோ தேடுவோம். பிறகு அப்படியே காரில் ஏறிப் புறப்பட்டுவிடுவோம். பாதி வழியில்தான் நெஞ்சு திடுக்கிடும். இது உங்களுக்கு நடந்திருக்கலாம், எனக்கு நடந்திருக்கிறது. 1948ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் 68 வயது மனிதர் ஒருவருக்கும் இதுதான் நடந்தது. அவர் விட்டுச் சென்ற பொருள் அன்றைய அமெரிக்க வேட்டைக்காரர்களிடையே மிகவும் பேர்பெற்ற துப்பாக்கி. அது மறுபடியும் வெளிச்சத்துக்கு வர அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று. அதற்குள் அவர் இறந்துபோயிருந்தார்.

அவர் பெயர் நேஷ் பக்கிங்ஹாம். நம் பாடநூல்களில் இந்தப் பெயர் வராது. ஆனால் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வாத்து வேட்டையைப் பற்றிப் பேசுகிற எவரும் இவரைத் தாண்டிப் போக முடியாது. சட்டப் பாடத்தில், காணாமற்போன பொருளின் உரிமை யாருக்கு என்ற பகுதியைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் இவர் கதை எனக்குத் தெரியவந்தது. துப்பாக்கிக்காகப் படிக்கத் தொடங்கினேன். மனிதர்தான் மனத்தில் நின்றார்.

1880ஆம் ஆண்டு மே 31ஆம் தேதி டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரில் பிறந்தவர் பக்கிங்ஹாம். தந்தை வங்கித் துறையில் இருந்தவர், வேட்டைப் பிரியர். மெம்பிஸுக்குத் தெற்கே, மிசிசிப்பி மாநிலத்தில், பீவர் டாம் என்ற ஏரியை ஒட்டி ஒரு வாத்து வேட்டைக் கழகம் இருந்தது. குளிர்காலம் வந்தால் கனடாவின் சதுப்பு நிலங்களிலிருந்து மிசிசிப்பி ஆற்றை ஒட்டியே இலட்சக்கணக்கான வாத்துகள் தெற்கு நோக்கிப் பறந்து வரும். அவற்றின் வழியில் இருந்தது அந்த ஏரி. சிறு வயதிலேயே தந்தையோடு அங்கே போன பையன், வாழ்நாள் முழுவதும் அந்த ஏரியை விட்டு மனத்தளவில் வெளியே வரவே இல்லை எனலாம்.

ஹார்வர்டிலும் டென்னசி பல்கலைக்கழகத்திலும் படித்தார். டென்னசியில் அமெரிக்கக் காற்பந்து ஆடினார், குத்துச்சண்டையும் போட்டார். பிறகு மெம்பிஸ் நாளிதழில் விளையாட்டுச் செய்திகள் எழுதினார். விளையாட்டுப் பொருள்கள் விற்கும் கடை நடத்தினார். 1910இல் திருமணம் செய்துகொண்டார். இந்தப் பகுதியில் சொல்ல அதிகம் இல்லை. ஓரளவு வசதியான குடும்பத்தில் பிறந்து, எதில் நிலைப்பது என்று தெரியாமல் கொஞ்ச காலம் அலைந்த இளைஞர் ஒருவரின் கதைதான் அது. நம்மில் பலருக்கு அது புதியதும் அல்ல.

அவரை நிலைநிறுத்தியது எழுத்து. பீவர் டாம் ஏரியில் நடந்த ஒரு நாள் வேட்டையை வைத்து 'டி ஷூட்டினெஸ்ட் ஜென்ட்மன்' என்ற கதையை எழுதினார். அதே பெயரில் 1934ஆம் ஆண்டு அவருடைய முதல் நூல் வெளிவந்தது. டெர்ரிடேல் என்ற பதிப்பகம் 950 படிகள் மட்டுமே அச்சிட்டது. அடுத்தடுத்து மேலும் நூல்கள் வந்தன. மாத இதழ்களில் அவர் எழுதிய கட்டுரைகளோ ஏராளம். வேட்டைக் கதை என்றால் எத்தனை விழுந்தன என்ற கணக்குதான் என்று நாம் நினைப்போம். இவர் கதைகளில் கணக்கு குறைவு. விடியற்காலைக் குளிர், படகு நகரும் ஓசை, கூட வரும் நாய், சமையற்கட்டிலிருந்து வரும் வாசனை, கூட இருந்து இறந்துபோன நண்பர்கள் ஆகியவைதாம் அதிகம்.

ஒன்றை மறைக்கக் கூடாது. அந்தக் கதைகளில் படகு ஓட்டுபவரும் சமைப்பவரும் கறுப்பினத்தவர்கள். அவர்கள் பேச்சை உச்சரிப்பு சிதைந்த ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறார். முதல் நூலின் தலைப்பே அப்படிப்பட்ட பேச்சுதான். நிறப் பாகுபாடு சட்டமாகவே இருந்த மிசிசிப்பி அது. அவர்களை அன்போடுதான் வரைந்திருக்கிறார். ஆனாலும் அந்த ஏரியில் யார் சுடலாம், யார் துடுப்புப் போட வேண்டும் என்பதைப் பற்றி அவருக்குக் கேள்வி எழுந்ததாகத் தெரியவில்லை. தோட்டப்புறக் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது சட்டென்று கண்ணில் படும். வெள்ளைக்காரத் துரைமார் எழுதிவைத்த மலாயா நினைவுக் குறிப்புகளில் நம் தாத்தா பாட்டிகளும் இப்படித்தான் ஓரத்தில் நிற்கிறார்கள்.

இனி அந்தத் துப்பாக்கிக்கு வருவோம்.

நம் ஊர்த் தோட்டங்களில் பன்றி வேட்டைக்கு வைத்திருந்த செனாப்பாங் பாத்தாவைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நடுவில் மடித்துத் தோட்டா போடும் துப்பாக்கி. பக்கிங்ஹாமுடையதும் அந்த இனம்தான், ஆனால் இரட்டைக் குழல். ஒற்றைக் குண்டு போகாது. ஒரு தோட்டாவிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட ஈய ரவைகள் சிதறிப் பாயும். பறக்கும் பறவையைச் சுட அதுதான் உதவும். சிக்கல் என்னவென்றால், தூரம் கூடக் கூட ரவைகள் அகலமாகப் பரவிவிடும். நடுவே இடைவெளி விழும். அந்த இடைவெளியில் பறவை தப்பிவிடும். அதைவிட மோசம், ஒன்றிரண்டு ரவை மட்டும் பட்டு, காயத்தோடு பறந்து போய் எங்கோ கிடந்து சாகும்.

1920களில் வெஸ்டர்ன் கார்ட்ரிட்ஜ் என்ற நிறுவனம் ரவைகளை நெருக்கமாகவும் வேகமாகவும் அனுப்பும் புதுவகைத் தோட்டாவைக் கொண்டுவந்தது. அதற்கு ஏற்ற கனமான துப்பாக்கி ஒன்றை பிலடெல்பியாவின் ஏ.எச். ஃபாக்ஸ் நிறுவனம் செய்தது. அந்நகரில் பர்ட் பெக்கர் என்ற கைவினைஞர் இருந்தார். குழலின் உட்புறத்தைக் குடைந்து சீராக்குவதில் அவருக்கு நிகர் இல்லை என்று பெயர். பக்கிங்ஹாம் 1925 முதல் அந்தத் தோட்டா நிறுவனத்தில் வேட்டை உயிரினங்களை மீட்டெடுக்கும் பிரிவின் இயக்குநராக வேலை பார்த்தவர். அவருக்காக பெக்கர் தனியாக ஒரு துப்பாக்கியைச் செய்தார். 12 போர், 32 அங்குலக் குழல்கள், மூன்று அங்குலத் தோட்டா ஏற்கும் அறை, எடை ஏறக்குறைய 10 பவுண்டு, அதாவது நான்கரைக் கிலோ. 40 கஜ தூரத்தில் ரவைகளில் சுமார் 90 விழுக்காடு 30 அங்குல வட்டத்துக்குள் விழும் என்று சொல்வார்கள். சாதாரணமாக நல்ல துப்பாக்கிக்கு 70 விழுக்காடே பெருமை.

குழலின் மேல், நேஷ் பக்கிங்ஹாமுக்காகச் செய்யப்பட்டது என்ற வாசகமும் பிலடெல்பியா பர்ட் பெக்கரின் பெயரும் பொறிக்கப்பட்டன. இந்த எழுத்துகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அதன் வெடியோசை மற்றத் துப்பாக்கிகளைப் போல் இல்லாமல் ஆழமாக, அடிவயிற்றிலிருந்து வருவது போல் இருந்ததாம். அந்த ஓசையை வைத்தே அதற்கு 'போ-வூப்' என்று பெயர் வைத்தவர் அவருடைய நண்பர், கர்னல் ஹெரால்டு ஷெல்டன். பக்கிங்ஹாம் தம் கதைகளில் அதைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்தார். படித்தவர்கள் நாடெங்கும் இருந்தார்கள். பார்க்காமலேயே அந்தத் துப்பாக்கியை அடையாளம் சொல்லக்கூடிய ஆயிரக்கணக்கானோர் உருவானார்கள்.

இவ்வளவு வாத்துகளைச் சுட்ட மனிதர் வாத்துகளைக் காப்பாற்றவும் பாடுபட்டார் என்பது முதலில் முரணாகத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஏரிக்கு ஆண்டு தவறாமல் போகிறவர்தானே, பறவைகள் குறைவதை முதலில் காண்பார்? ஒருவர் ஒரு நாளில் 25 வாத்துகள் வரை சுடலாம் என்று சட்டம் அனுமதித்த காலம் அது. தானியத்தைத் தூவிப் பறவைகளைக் கூட்டிச் சுடுவதும், வளர்ப்பு வாத்துகளைத் தண்ணீரில் கட்டிவைத்து மற்றவற்றை இறக்குவதும் பரவலாக நடந்தன. பக்கிங்ஹாம் இவற்றை எதிர்த்து எழுதினார். அளவைக் குறைக்கச் சொன்னார். 1928 முதல் அமெரிக்கன் வைல்ட் ஃபவ்லர்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பின் செயலாளராக வேலை செய்தார். சக வேட்டைக்காரர்களிடம் இதற்கெல்லாம் நல்ல பெயர் கிடைத்திருக்காது என்பதை ஊகிக்கலாம்.

1930களில் வறட்சி வந்தது. வாத்துகள் முட்டையிடும் சதுப்பு நிலங்கள் காய்ந்தன. 1935இல் தானியம் தூவுவதும் உயிருள்ள வாத்துகளைக் கட்டிவைப்பதும் சட்டப்படி தடைசெய்யப்பட்டன. ஒரு நாளைய அளவு 10 ஆகக் குறைந்தது. 1937இல் சதுப்பு நிலங்களைக் காக்க டக்ஸ் அன்லிமிட்டெட் என்ற அமைப்பு பிறந்தது. பக்கிங்ஹாம் பணியாற்றிய அமைப்பும் அதன் வேர்களில் ஒன்று.

இப்போது மறுபடியும் 1948 டிசம்பர் முதல் நாள். ஆர்கன்சாவில் கிளாரெண்டன் என்ற சிற்றூருக்கு அருகே நண்பர் ஒருவரோடு வேட்டையை முடித்துக்கொண்டு திரும்ப நிற்கிறார். வேட்டைக் கட்டுப்பாட்டு அதிகாரி வந்து உரிமத்தையும் சுட்ட பறவைகளின் எண்ணிக்கையையும் சரிபார்க்கிறார். வந்திருப்பது யார் என்று தெரிந்ததும் அந்தப் புகழ்பெற்ற துப்பாக்கியைப் பார்க்க ஆசைப்படுகிறார். பார்த்தாயிற்று, பேசியாயிற்று. துப்பாக்கி காரின் பின்பக்க மட்கார்டின் மேல் வைக்கப்படுகிறது. அதை உள்ளே எடுத்து வைக்க யாருக்கும் நினைவில்லை. கார் புறப்படுகிறது.

கொஞ்ச தூரம் போன பிறகுதான் உறைத்தது. திரும்பி வந்து வழி நெடுகத் தேடினார்கள். நாளிதழில் விளம்பரம் கொடுத்தார்கள். சட்டம் சரியாகக் கடைப்பிடிக்கப்படவேண்டும் என்று கால் நூற்றாண்டு எழுதியவர், அந்தச் சட்டப்படி நடந்த ஒரு சோதனையின்போதே தம் துப்பாக்கியை இழந்தார். கதையில் எழுதினால் செயற்கையாக இருக்கிறது என்று ஆசிரியர் வெட்டிவிடுவார்.

நண்பர்கள் அவரை அப்படியே விடவில்லை. அதே பர்ட் பெக்கரிடம் இன்னொரு துப்பாக்கி செய்யப்பட்டது. அதற்கு இரண்டாம் போ-வூப் என்று பெயர். பக்கிங்ஹாம் அதைக் கொண்டு சுட்டார், தொடர்ந்து எழுதினார். 1971 மார்ச் 10ஆம் தேதி, தம் 90ஆம் வயதில் இறந்தார். முதல் துப்பாக்கியைப் பிறகு ஒருபோதும் பார்க்கவில்லை.

அது எங்கே இருந்தது? 1950களில், அங்கிருந்து வெகு தூரத்தில், ஜார்ஜியா மாநிலத்தின் சவானா நகரில், மர ஆலை மேற்பார்வையாளர் ஒருவர் தம்மிடம் வேலை பார்த்த தொழிலாளியிடமிருந்து மரப்பிடி உடைந்த பழைய துப்பாக்கி ஒன்றை 50 டாலருக்கு வாங்கியிருந்தார். உடைந்த துப்பாக்கி, சுட உதவாது. அலமாரிக்குள் போனது. ஒரு தலைமுறை போய் அடுத்ததும் வந்தது. ஏறக்குறைய 2005இல் அந்தக் குடும்பத்துப் பேரன் அதைப் பழுதுபார்க்கத் தென் கரோலினாவின் டார்லிங்டனில் உள்ள துப்பாக்கிப் பட்டறைக்குக் கொண்டுபோனார். பட்டறைக்காரர் குழலைத் திருப்பி எழுத்துகளைப் படித்தார். பக்கிங்ஹாமின் நூல்களை அறிந்த ஒருவர் அந்த நொடியில் எப்படி உணர்ந்திருப்பார் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆனால் பெயர் பொறித்திருப்பது மட்டும் போதுமா? போதாது. பெயரை யார் வேண்டுமானாலும் பிற்பாடு பொறிக்கலாம்; பொருள் எவ்வளவு பிரபலமோ அவ்வளவு போலிகள் வரும். புலி வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டின் ரைபிள் இன்று அவ்வளவு நம்பிக்கையோடு ஏற்கப்படுவதற்குக் காரணம், 1907இல் சம்பாவத் பெண் புலியைக் கொன்றதற்காகத் தரப்பட்டது என்று சொல்லும் வெள்ளித் தகடு மட்டுமன்று. அது எந்தக் கைக்குப் பிறகு எந்தக் கைக்குப் போனது என்ற கதை தொடர்ந்து தெரிவதும்தான். போ-வூப்பின் கதையிலோ நடுவே பெரிய பள்ளம். 1948இல் ஆர்கன்சா சாலையோரம். அடுத்து அது தலைகாட்டுவது ஜார்ஜியாவில். இடையில் யார் கையில் இருந்தது என்பதற்குக் காகிதம் இல்லை.

அப்படிப்பட்ட நேரத்தில் பொருளே சாட்சி சொல்ல வேண்டும். முதலில், அதன் அமைப்பு. இந்த நீளக் குழல், இந்த எடை, மூன்று அங்குல அறை, பெக்கர் குடையும் விதம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த துப்பாக்கிகள் மிகச் சில. பெயரைப் பொறிக்க ஒரு நாள் போதும். அப்படியொரு குழலைச் செய்ய பெக்கர் வேண்டும். அடுத்து, துப்பாக்கியோடு பக்கிங்ஹாம் நிற்கும் பழைய படங்கள். பிறகு அவருடைய எழுத்து: தம் துப்பாக்கியைப் பற்றி அவர் எழுதிவைத்த ஒவ்வொரு விவரமும் ஒரு சோதனைக் கேள்வி. இரண்டாம் போ-வூப் தொலையவே இல்லை என்பதால் அதையும் இதையும் குழப்பிக்கொள்ளவும் வழியில்லை. எனக்கு மிகவும் பிடித்தது நான்காவது சான்று: உடைந்த மரப்பிடி. ஓடும் காரிலிருந்து சாலையில் விழுந்த துப்பாக்கியில் முதலில் ஒடியக்கூடிய இடம் கைப்பிடிக்கும் மெல்லிய கழுத்துப் பகுதிதான். குறையாகத் தெரிந்த அந்த உடைப்பு, 1948ஆம் ஆண்டுக் கதைக்குப் பொருந்தி வந்தது.

அது உண்மையான போ-வூப் என்பது நிலைநாட்டப்பட்ட பிறகும் இன்னொரு கேள்வி மிஞ்சுகிறது. அது யாருடையது?

1722இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. புகைபோக்கி துடைக்கும் சிறுவன் ஒருவன் நகை ஒன்றைக் கண்டெடுத்தான். விலை கேட்கப் பொற்கொல்லரிடம் கொடுத்தபோது, கடைப் பணியாள் அதிலிருந்த கற்களை எடுத்து வைத்துக்கொண்டார். கண்டெடுத்தவனுக்கு உண்மையான உரிமையாளரைத் தவிர வேறு எவரையும்விட மேலான உரிமை உண்டு என்று தீர்ப்பு வந்தது. ஆர்மரி எதிர் டெலமிரி என்ற இந்த வழக்கை மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள், அமெரிக்காவிலும் படிக்கிறார்கள். அந்த விதியில் 'உரிமையாளரைத் தவிர' என்பதுதான் முக்கியம். பொருளைத் தவறவிட்டதால் மட்டும் உரிமை போய்விடாது. பக்கிங்ஹாம் அதைக் கைவிடவில்லை, தேடினார், விளம்பரம் செய்தார். எனவே உயிரோடிருந்தவரை துப்பாக்கி அவருடையதே என்றுதான் நான் நினைக்கிறேன்.

கண்டெடுத்தவர் நிலை இன்னும் சிக்கல். உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியும் என்று தெரிந்தும் ஒருவர் பொருளை வைத்துக்கொண்டால் அது களவாகிவிடும். உரிமையாளர் பெயரோ குழல் மேலேயே இருக்கிறது! அப்படியானால் அவரிடமிருந்து வாங்கியவருக்கும் முழு உரிமை வராது. இல்லாததை ஒருவர் விற்க முடியாது. மறுபக்கம், உரிமை கோருவதற்கு ஒரு கால வரம்பு உண்டு. 50 டாலர் கொடுத்து நேர்மையாக வாங்கி, மறைத்தோ விற்றோ ஆதாயம் தேடாமல் ஐம்பது ஆண்டு வைத்திருந்த குடும்பத்தைக் குற்றவாளிபோல் நடத்துவதும் நியாயமாகப் படவில்லை. வேட்டை நூல்களைப் படிக்காத ஒருவருக்கு அந்தப் பெயர் வெறும் பெயர்தான். (நம் நாட்டில் இந்தச் சிக்கல் எழாது. சாலையில் துப்பாக்கி கிடந்தால் அலமாரிக்குப் போகக் கூடாது, காவல் நிலையத்துக்குத்தான் போக வேண்டும். முயன்று பார்க்க வேண்டாம்!)

என்னை உறுத்துவது சட்டமல்ல. அந்தத் துப்பாக்கி அலமாரிக்குப் போன பிறகும் பக்கிங்ஹாம் பல ஆண்டுகள் உயிரோடு இருந்தார். மெம்பிஸில்தான் இருந்தார். இதழ்களில் எழுதிக்கொண்டும் இருந்தார். குழலில் இருந்த பெயரை முன்வைத்து யாராவது ஒரு கடிதம் போட்டிருந்தால் போதும்.

2010 மார்ச்சில் மேய்ன் மாநிலத்தில் ஜேம்ஸ் ஜூலியா ஏல நிறுவனம் போ-வூப்பை ஏலத்துக்கு விட்டது. விலை 201,250 டாலர். அதே ஆண்டு அதே நிறுவனம் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் ஃபாக்ஸ் துப்பாக்கியை 862,500 டாலருக்கு விற்றது. அதைப் பார்க்கும்போது இது சிறிய தொகைதான். ஆனால் ரூஸ்வெல்ட் ஒரு நாட்டையே ஆண்டவர். பக்கிங்ஹாம் வாத்துகளைப் பற்றி எழுதியவர்.

வாங்கியவர் அந்நியர் அல்லர். பக்கிங்ஹாமோடு வேட்டைக்குப் போன நெருங்கிய நண்பரின் மகன். பக்கிங்ஹாமே அவருக்கு ஞானத்தந்தை. வீட்டில் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துக்கொள்ளவும் அவர் வாங்கவில்லை. உடனே டக்ஸ் அன்லிமிட்டெட் அமைப்புக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார்.

அந்த அமைப்பின் தலைமையகம் இன்று இருப்பது மெம்பிஸில். போ-வூப் அங்கே பார்வைக்கு வைக்கப்பட்டது.